வீட்டுக்குள் விஞ்ஞானம்: பெட்டி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு!



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மகள் படிவம் 4-இல் படிக்கிறாள். பட்டணத்து அலுவலகம் ஒன்றில் கழித்துப்போட்ட மேசைக் கணினியை அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். திரையை வேறோர் இடத்தில் பழையதாக வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் வைத்து இரண்டையும் இணைத்தபோது பெட்டியில் விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடியும் சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பட்டணத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "உள்ளே கார்டு எரிந்துவிட்டது, மாற்ற 350 வெள்ளி ஆகும்" என்றார்களாம். "கொடுக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, அந்தப் பணத்தை இப்போதைக்கு முந்தானையிலேயே முடிந்து வையுங்கள். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. அப்படியானால் 350 வெள்ளி என்பது ஐந்து நாளுக்கு மேல் விடியற்காலையில் எழுந்து பாடுபட்ட கூலி. அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன், காசு செலவில்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியவை பல இருக்கின்றன. கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

உங்கள் ஒருவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதும், தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் நம் பிள்ளைகள் கைப்பேசியின் சின்னக் கண்ணாடியில்தான் இயங்கலை வகுப்பு பார்த்தார்கள். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளும் உண்டு. அந்தக் கஷ்டத்திற்குப் பிறகுதான் பல பெற்றோர் பழைய மேசைக் கணினியாவது வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள். பெட்டி ஓரிடத்தில் கிடைக்கிறது, திரை ஓரிடத்தில் கிடைக்கிறது. இரண்டையும் சேர்க்கும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

மரமும் நல்லது, மங்கும் நல்லது

மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. உளியால் கோடு போட்டால் பால் இறங்குகிறது. கீழே மங்கு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தகரத்தைச் சொருகியிருக்கிறோம். அந்தத் தகரம் விலகிப்போனால் என்ன ஆகும்? மரம் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும், மங்கு காலியாகவே கிடக்கும். பட்டையில் வழிந்து பால் மண்ணுக்குப் போகும். தூரத்திலிருந்து பார்ப்பவர், "இந்த மரம் வறண்டுவிட்டது" என்றுகூடச் சொல்லுவார்.

கணினிப் பெட்டிதான் மரம். படத்தை உண்டாக்குவது அது. திரை என்பது மங்கு. வருவதை வாங்கிக் காட்டுவது அதன் வேலை. நடுவே இருக்கும் கேபிள்தான் தகரம். திரை இருட்டாக இருந்தால் மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டாம். முதலில் தகரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்பக்கத்து வாய்கள் நான்கு

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பல வகை வாய்கள் தெரியும். படத்திற்கு உரியவை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உருவத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதலாவது விஜிஏ. பெரும்பாலும் நீல நிறம். மூன்று வரிசையாக, வரிசைக்கு ஐந்தாக, 15 துளைகள். இரண்டு பக்கமும் திருகாணி போடும் இடம் இருக்கும். ஐபிஎம் நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய கனத்த திரைகளின் காலத்தது. இண்டெல், ஏஎம்டி முதலிய பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் இதைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. ஆனாலும் பழைய பெட்டிகளிலும் பழைய திரைகளிலும் இது இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது டிவிஐ. 1999-ஆம் ஆண்டில் வந்தது. அகலமானது, பெரும்பாலும் வெள்ளை நிறம். வரிசைக்கு எட்டாக மூன்று வரிசைத் துளைகள் இருக்கும். பக்கத்தில் ஒரு கோடு போன்ற நீளமான துளையும் இருக்கும். இதற்கும் இரண்டு திருகாணிகள்.

மூன்றாவது எச்டிஎம்ஐ. 2002 டிசம்பரில் இதற்கான விதிமுறை வெளிவந்தது. தட்டையான சின்ன வாய். கீழ்ப்பக்க மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்னால் இருப்பதும் இதுதான். படத்தோடு ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும்.

நான்காவது டிஸ்ப்ளே போர்ட். 2006-ஆம் ஆண்டில் வந்தது. எச்டிஎம்ஐயின் தங்கை போல இருக்கும், ஆனால் ஒரே ஒரு மூலைதான் வெட்டியிருக்கும். அலுவலகங்களில் கழிக்கிற பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, இதுவும் விஜிஏயும்தான் இருக்கும். இதன் கேபிள் தலையில் பெரும்பாலும் ஒரு சின்ன அழுத்தி உண்டு. கழற்றும்போது அதை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும். தெரியாமல் வலுவாக இழுத்தால் வாயே உடைந்துவிடும்.

எதையும் பலவந்தமாகத் திணிக்காதீர்கள். சரியான தலை சரியான வாயில் சிரமமின்றி இறங்கும். இறங்க மறுத்தால் ஒன்று தலை மாறியிருக்கும், இல்லாவிட்டால் தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள். விஜிஏ தலையின் ஊசிகள் மெல்லியவை. ஓர் ஊசி வளைந்தாலே திரை முழுக்க ஒரு நிறம் குறைந்து, மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும்.

மேல் வாயா, கீழ் வாயா?

பலரையும் ஏமாற்றுவது இந்த இடம்தான். சில பெட்டிகளில் படம் அனுப்பும் வாய்கள் இரண்டு கூட்டமாக இருக்கும். நின்றவாறு வைக்கும் பெட்டியில், விசைப்பலகையும் எலியும் செருகுகிற இடத்தோடு சேர்ந்து நெட்டுவாக்கில் இருப்பவை தாய்ப்பலகையின் வாய்கள். அதற்குக் கீழே தனியாக, படுக்கைவாக்கில் ஒரு தகட்டில் இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டு என்னும் தனி அட்டையின் வாய்கள். எல்லாப் பெட்டியிலும் இந்தத் தனி அட்டை இருக்காது. இருந்தால், திரையின் கேபிளை அதில்தான் செருக வேண்டும்.

ஏன் என்றால், பெட்டி விழித்தெழும்போது தனி அட்டை ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டால், பல கணினிகள் தாய்ப்பலகையின் வாயை அடைத்துவிடும். படம் முழுவதும் கீழ் வாய் வழியாகப் போகும். மேல் வாயில் கேபிளைச் செருகிவிட்டு நீங்கள் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் திரை இருட்டுத்தான்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. சில கணினிகளின் மூளையாகிய பிராசசருக்குள் படம் தயாரிக்கும் பகுதியே இருக்காது. இண்டெல் பிராசசர்களில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருப்பவை அந்த வகை. அப்படிப்பட்ட பெட்டியில் தாய்ப்பலகையில் வாய் இருந்தாலும் அது வெறும் அலங்காரம்தான். தனி அட்டையைக் கழற்றி விற்றுவிட்டு அந்தப் பெட்டியை மலிவு என்று யாராவது தலையில் கட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது பேராக் அம்மாவின் கடிதத்திற்கு வருவோம். "மேலே இருந்த நீல வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது, அதைக் கழற்றிவிட்டுச் செருகினோம். கீழே வெள்ளையாக அகலமான வாய் ஒன்று படுக்கையாக இருக்கிறது, அதில் நம் கேபிள் போகவில்லை" என்று எழுதியிருக்கிறார். அம்மா, விஷயம் அந்த மூடியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. தனி அட்டை பொருத்திய அலுவலகக் கணினிகளில், தவறிப்போய் இங்கே செருகிவிடக் கூடாது என்பதற்காகவே மேல் வாயை மூடி வைப்பது உண்டு. கீழே இருக்கும் வெள்ளை வாய்தான் டிவிஐ. உங்கள் படம் அங்கே காத்திருக்கக்கூடும்.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எந்த வாயில் செருகிப் பார்த்தீர்கள்?" மேல் வாயில் மட்டும் செருகிப் பார்த்திருந்தால், கார்டு எரிந்துவிட்டது என்ற முடிவுக்கு இன்னும் ஆதாரம் இல்லை.

தலை மாற்றும் விதம்

வாயும் கேபிளும் பொருந்தவில்லை என்றால் மாற்றி என்ற சின்னச் சாமான் உண்டு. ஆனால் எல்லா மாற்றியும் எல்லாவற்றுக்கும் உதவாது. வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

டிவிஐ வாயில் அந்தக் கோடு போன்ற துளையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், விஜிஏ கேபிளைச் செருகச் சாதாரண மாற்றித் தலையே போதும். அந்த நான்கும் இல்லாவிட்டால் அந்தத் தலையால் பயனில்லை, ஏனெனில் விஜிஏ புரிந்துகொள்ளும் பழைய வகைச் சைகை அந்த வாயில் வருவதே இல்லை.

டிவிஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது எளிது. இரண்டும் ஒரே இனம். ஒரு பக்கம் டிவிஐ, மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள கேபிள் ஒன்று வாங்கினால் போதும். ஒலிக்குத் தனி ஏற்பாடு தேவைப்படலாம், அவ்வளவுதான்.

பெட்டியில் எச்டிஎம்ஐ இருந்து திரையில் விஜிஏ மட்டும் இருந்தால், உள்ளே மின்சுற்று வைத்த மாற்றி வேண்டும். இது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்குப் போகும் மாற்றி, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு வராது. டிஸ்ப்ளே போர்ட் தலையும் எச்டிஎம்ஐ தலையும் உள்ள கேபிளும் பெரும்பாலும் இப்படித்தான். பெட்டிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், திரைப் பக்கம் எச்டிஎம்ஐ. மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. ஆகவே கடைக்குப் போகும்போது, பெட்டியின் பின்பக்கத்தையும் திரையின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "இதிலிருந்து இதற்குப் போக வேண்டும்" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள்.

இணைக்கும் முறை

பெட்டி, திரை இரண்டையும் அணைத்துச் சுவர் விசையையும் நிறுத்துங்கள். கேபிளைத் திரையில் ஒரு முனையும் பெட்டியில் மறுமுனையும் செருகுங்கள். திருகாணி இருந்தால் கையால் திருகினாலே போதும், இடுக்கி வேண்டாம். பிறகு முதலில் திரையையும் அடுத்துப் பெட்டியையும் திறங்கள்.

திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம். உண்மையில் அது நல்ல செய்தி. "நான் நலம், எனக்கு இன்னும் படம் வந்து சேரவில்லை" என்று திரை சொல்கிறது. திரையின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பொத்தான்களில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்பதை அழுத்தி, நீங்கள் செருகிய வாயின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, திரை விஜிஏ வழியைப் பார்த்துக்கொண்டிருந்தால் படம் எப்படி வரும்? முன்வாசலில் விருந்தாளி நிற்க, நாம் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

இன்னும் இருட்டா?

இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாமல் போய்விடும்.

1. திரையில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அதன் மின்சாரக் கம்பியைப் பாருங்கள். திரைக்குத் தனி மின்சாரம் வேண்டும்.

2. கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டுத் திரையைத் திறங்கள். ஏதாவது எழுத்து தெரிந்தால் திரைக்கு உயிர் இருக்கிறது.

3. பெட்டி உண்மையிலேயே ஓடுகிறதா? விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' பொத்தானை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைந்தால், பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் சந்தேகம் கேபிளின் மீதும் வாயின் மீதும்தான்.

4. வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் எச்டிஎம்ஐ வாய் இருந்தால், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் பெட்டி நல்லது.

5. விண்டோஸ் கணினியானால், விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்துங்கள். படம் அனுப்பும் பகுதி ஒருமுறை புதிதாக விழிக்கும். 

6. 'கேப்ஸ் லாக்' விளக்கும் அசையவில்லை, பெட்டி 'பீப் பீப்' என்று கத்துகிறது என்றால், ரேம் என்னும் நினைவுப் பட்டை தளர்ந்திருக்கலாம். மலையும் மேடுமான தோட்டப் பாதையில் வண்டியில் ஏற்றி வந்த பெட்டிக்கு இது நடப்பதுதான். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, திறக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். பட்டையின் முனையில் உள்ள கொக்கியை விலக்கி எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைச் சுத்தமான உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, 'கிளிக்' என்ற சத்தம் வரும்வரை மீண்டும் அழுத்துங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இருட்டு என்றால், அப்போது கடைக்குப் போங்கள். ஆனால் இப்போது நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. "திரை நல்லது, கேபிள் நல்லது, ரேம் பார்த்தாயிற்று, இரண்டு வாயிலும் செருகிப் பார்த்தாயிற்று" என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிறவரிடம் யாரும் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. மின்கம்பி நேராகப் போய்ச் சேருகிற இரும்புக் கூண்டு போன்ற மின்வழங்கியை மட்டும் திறக்கவே கூடாது. கண்ணாடிக் குழாய் வைத்த பழைய கனத்த திரையையும் திறக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இவற்றுக்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

தொலைக்காட்சியே திரையானால்

தனித் திரை வாங்க வசதி இல்லாத வீட்டில் தொலைக்காட்சியையே திரையாக்கலாம். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும், ஒலியும் அதிலேயே வரும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், தொலைக்காட்சியின் அமைப்பில் படத்தின் அளவைச் சொல்லும் இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால், கணினியின் அமைப்பில் 'ஸ்கேல்' என்பதைப் பெரிதாக்குங்கள்.

ஆனால் பெற்றோரே, இதில் ஒரு வீட்டு அரசியல் இருக்கிறது. மாலை ஏழு மணிக்குப் பாட்டிக்கு நாடகம், அப்பாவுக்குச் செய்தி, தம்பிக்குப் பந்து. அந்த நேரத்தில் பிள்ளை கணக்குப் போட வேண்டுமென்றால் யார் விட்டுக்கொடுப்பது? பரீட்சைக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரவு எட்டிலிருந்து பத்து வரை பெட்டி பிள்ளைக்கு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கேபிளைச் செருக ஒரு நிமிடம் போதும், இதை முடிவு செய்யத்தான் மனசு வேண்டும்.

கண்ணும் மின்னலும்

திரையைப் பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்ணின் உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். சன்னல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் வாழைமரம் போதும்.

அடுத்து மின்னல். நம் நாட்டில் மாலை வேளை இடிமழை புதிதல்ல. சுவர் விசையை அணைத்தால் மட்டும் போதாது. இடி தூரத்தில் முழங்கும்போதே பெட்டி, திரை இரண்டின் மூன்று ஊசித் தலைகளையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். இணையக் கம்பி இருந்தால் அதையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடப் போகாதீர்கள். நீட்டிப்புக் கம்பி வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அரிசிப் பானையும் கொதிகெண்டியும் செருகிய கம்பியிலேயே கணினியையும் செருகாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மடிக்கணினியின் திரை உடைந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா? (கிள்ளான் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். உடைந்தது கண்ணாடி மட்டுமானால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ வாயில் ஒரு வெளித்திரையையோ தொலைக்காட்சியையோ இணையுங்கள். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு வழிகள் வரும். முதலாவது, கணினியின் சொந்தத் திரை மட்டும். இரண்டாவது, இரண்டிலும் ஒரே படம். மூன்றாவது, இரண்டையும் சேர்த்து நீளமான ஒரே திரை. நான்காவது, வெளித்திரை மட்டும். உங்களுக்கு நான்காவது வழிதான் வேண்டும். மேசைக் கணினி போல அதை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

கேள்வி: ஒரு பெட்டிக்கு இரண்டு திரை போட முடியுமா? (கூலிம் மாணவி)

பதில்: முடியும், பெட்டியில் இரண்டு வாய்கள் வேலை செய்தால். தனி அட்டை இருந்தால் இரண்டையும் அதிலேயே செருகுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு திரையில் ஆசிரியரின் பாடம், மறு திரையில் நீங்கள் எழுதும் கட்டுரை. எலியின் அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு அடுத்த திரைக்குப் போக மறுத்தால், 'டிஸ்ப்ளே' அமைப்பில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். மேசையில் திரைகள் இருக்கும் வரிசைப்படியே அவற்றை இழுத்து வையுங்கள்.

கேள்வி: 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வருகிறது. திரை கெட்டுவிட்டதா? (சிரம்பான் வாசகர்)

பதில்: கெடவில்லை ஐயா. திரையால் தாங்க முடியாத அளவில் கணினி படத்தை அனுப்புகிறது. வேறொரு திரையிலோ தொலைக்காட்சியிலோ இணைத்து, 'டிஸ்ப்ளே' அமைப்பில் படத்தின் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி உங்கள் திரையில் போடுங்கள். பிறகு 'ரெகமெண்டட்' என்று எழுதியிருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து தெளிவாக இருக்கும்.

முடிவாக ஒரு வார்த்தை. "எனக்குப் படிப்பில்லை, நான் தொட்டால் கெட்டுவிடும்" என்று தாய்மார்கள் பெட்டியிலிருந்து தள்ளி நிற்கிறார்கள். பட்டையை வெட்டும்போது உள்ளே உள்ள மரத்தில் காயம் படாமல் கோடு இழுக்கத் தெரிந்த கைக்கு, ஒரு கேபிளைச் செருகவா தெரியாது? பிள்ளையோடு சேர்ந்து உட்காருங்கள். இன்ன வாய் இன்ன உருவம் என்று பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் செருகுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய முரசு என்னும் மென்பொருளை 1985-ஆம் ஆண்டிலேயே உருவாக்கத் தொடங்கியவர் நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன்தான் என்பதையும் அப்போது பிள்ளைக்குச் சொல்லுங்கள். திரையில் முதலில் தெரியும் எழுத்து அவள் பெயராக, தமிழில் இருக்கட்டும்.

பேராக் அம்மாவுக்கு: வெள்ளை வாயில் அந்த நான்கு சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மாற்றித் தலையை வாங்குங்கள். இல்லாவிட்டால், உங்கள் திரையின் பின்னால் டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற கேபிளை வாங்குங்கள். படம் வந்ததா இல்லையா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

அடுத்த மாதம்: பழைய பிரிண்டரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை.